முழுசாகக் குணமான பிறகுதான் வேலையா?

கேள்வி: மனச்சிதைவு நோய்க்குத் தொடர்ந்து மருந்து சாப்பிடும் என் தம்பி (28 வயது) வேலைக்குப் போகணும் என்கிறான். முன்பு சேர்ந்த வேலையில் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டான். ஒரு வருடம் பயிற்சி மையத்தில் இருக்கட்டும் என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

பதில்: அவரே வேலை கேட்கிறார் அல்லவா? அந்தத் தகுதி போதும். முதலில் சம்பள வேலை, பயிற்சி அந்த வேலையிலேயே என்பதுதான் ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு முறை. ஐரோப்பாவின் 6 நகரங்களில் தீவிர மனநோய் உள்ள 312 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வில், 18 மாதங்களுக்குள் ஒரு நாளாவது வேலை பார்த்தவர்கள் இந்த முறையில் 55 சதவீதம். பயிற்சியில் தொடங்கியவர்களில் 28 சதவீதம். மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் வேலையில் தொடங்கியவர்களில்தான் குறைவு. இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

சிகிச்சைக் குழுவில் வேலைவாய்ப்பு அலுவலர் (வேலை தேட உதவி, சேர்ந்த பிறகும் துணை நிற்பவர்) உண்டா என்று விசாரியுங்கள். ஒரே ஆள் 20 பேருக்கு மேல் கவனித்தால் கவனிப்பு நீர்த்துவிடும். அவரிடம் சேர்ந்த 30 நாட்களுக்குள் ஏதாவது ஒரு முதலாளியையாவது நேரில் சந்தித்துவிட வேண்டும். வேலையில் சேர்ந்த 3 நாட்களுக்குள் அலுவலர் ஒருமுறை பேச வேண்டும். முதல் மாதம் வாராவாரம், பிறகு மாதாமாதம். வேலை கிடைத்ததுமே ஆதரவை நிறுத்திவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அலுவலரே இல்லையென்றால், மருத்துவ சமூகப் பணியாளரோடு சேர்ந்து இந்தக் கால அட்டவணையை நீங்களே பின்பற்றலாம்.

அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்று தம்பியிடம் நிதானமாகக் கேளுங்கள். இரவு மருந்தின் மயக்கம் காலையில் தெளியவில்லையா? மருந்தை அவராக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. மருந்து சாப்பிடும் நேரத்தை இன்னும் சீக்கிரமாக வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பத்து மணிக்கு மேல் தொடங்கும் வேலையாகவும் தேடலாம். சொன்னது மறந்துபோனதா? நான்கைந்து பேர் ஆளுக்கொன்றாக ஏவினால் இந்த நோயில் தலைக்குள் நிற்பது கஷ்டம். ஒருவர் மட்டும் சொல்லட்டும். அன்றைய வேலைகளை வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.

நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பது தம்பியின் முடிவு மட்டுமே. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். சொல்ல விரும்பினால் யார், யாரிடம், எந்த வார்த்தைகளில் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். நோயின் பெயரே வர வேண்டியதில்லை: "சத்தம் அதிகமானால் கவனம் சிதறும், ஓரமாக உட்கார்ந்து பார்க்கிற வேலை சரியாக வரும்" என்றால் போதும்.

உதவித்தொகை வாங்குகிறார் என்றால், சம்பளம் வந்தால் அது எவ்வளவு குறையும் என்று சேரும் முன்பே கணக்குப் பாருங்கள். இந்த வேலையும் நிலைக்காமல் போனால் காரணத்தைக் குறித்துக்கொண்டு அடுத்ததைத் தேடுங்கள். பயிற்சி மையத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.