பழைய மோட்டார் சைக்கிளின் பின்புறச் சஸ்பென்ஷன்: கேள்வி பதில்

பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் பழைய மோட்டார் சைக்கிள்களைத் தம் விருப்பப்படி மாற்றிக் கட்டும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பின்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பைப் பற்றி மட்டுமே பேசுவேன். கார்புரேட்டர், பெயின்ட், சைலன்சர் பற்றி வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ஐயா, தாத்தா காலத்து பிஎஸ்ஏ வண்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பின்னால் பிளஞ்சர் அமைப்பு. அதை அப்படியே வைத்துக்கொள்வதா, ரிஜிட் (பின்னால் ஸ்பிரிங்கே இல்லாதது) ஆக்குவதா, ஸ்விங் ஆர்ம் (முன்முனை கீல் போலப் பொருந்தி, பின்சக்கரத்தோடு ஏறி இறங்கும் கை) சேஸிஸ் ஒன்றைத் தேடுவதா?

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 1938இல் பிஎம்டபிள்யூ ஆர்51, 1940இல் இந்தியன் சீஃப், போருக்குப் பின் பிஎஸ்ஏ, நார்ட்டன் என்று பல கம்பெனிகள் பிளஞ்சரைப் பயன்படுத்தியதற்குக் காரணம், ரிஜிட் சேஸிஸின் முன்பாதியை மாற்றாமலேயே பின்முனையில் ஸ்பிரிங் உள்ள இரண்டு தூண்களைப் பொருத்திச் சக்கரத்துக்குக் கொஞ்சம் அசைவு கொடுத்துவிட முடிந்ததுதான். அந்த எளிமையே அதன் குறையும் ஆகும். அச்சு நேர்கோட்டில் மேலும் கீழும் நகர்வதால், கியர்பாக்ஸ் பல்சக்கரத்தின் மட்டத்திலிருந்து அது விலகும்போதெல்லாம் இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடிச் செயின் இறுகுகிறது. ஆகவே வண்டியைச் சும்மா நிறுத்திவைத்துச் செயினைச் சரிசெய்யக் கூடாது. மிகவும் இறுகும் நிலையைக் கண்டுபிடித்து, அந்த நிலையிலும் கொஞ்சம் தளர்வு இருக்கும்படி வைக்க வேண்டும். இடது தூணும் வலது தூணும் தனித்தனியாக நகர்வதால், உள்ளிருக்கும் புஷ்கள் (உராய்வைத் தாங்கும் வளையங்கள்) தேய்ந்துவிட்டால் வளைவில் சக்கரம் சாய்ந்துகொள்ளும். பிளஞ்சரைத் திட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தேய்ந்த பிளஞ்சரை ஓட்டிப் பார்த்துவிட்டே திட்டுகிறார்கள். புதிய புஷ் கடைந்து போட்டு, கிரீஸ் முனைகளில் ஒழுங்காகக் கிரீஸ் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): அண்ணா, என் யமஹா ஆர்எக்ஸ்இசட்டை பாபர் (தேவையற்ற பாகங்களை நீக்கிய எளிய வண்டி) ஆக்குகிறேன். இரண்டு அப்சோபரையும் (ஷாக்கையும்) கழற்றிவிட்டு அதே இடத்தில் இரும்புத் தண்டு போட்டால் ஹார்ட் டெயில் (ரிஜிட்) ஆகிவிடும் அல்லவா?

ஆகாது தம்பி. உண்மையான ரிஜிட் சேஸிஸில் அச்சிலிருந்து இரண்டு குழாய்கள் சீட்டுக்கு அடியிலும் இரண்டு குழாய்கள் கியர்பாக்ஸுக்குப் பின்னாலும் நேராகச் சென்று முக்கோணமாகச் சேர்கின்றன. குழியின் அடி அந்தக் குழாய்களின் நீளவாக்கில் பரவிச் சேஸிஸ் முழுவதற்கும் போகிறது. உங்கள் வண்டியில் ஷாக்கின் மேல்முனை பிடித்திருப்பது சீட்டைத் தாங்கும் மெல்லிய குழாயை. ஸ்பிரிங்கும் எண்ணெயும் மட்டுப்படுத்திய விசையைத் தாங்குவதற்காக வெல்ட் செய்யப்பட்ட அந்தக் காதின் (ஷாக் மாட்டும் உலோகத் துண்டின்) மீது தண்டு நேரடியாகச் சுத்தியலடி கொடுக்கும். முதலில் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி போன்ற விரிசல் தெரியும். பெயின்ட் அதை மறைத்துவிடும். அதே அடி ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் சேர்த்துத் தின்னும். ரிஜிட் வேண்டுமானால் பின்பகுதியை முழுமையாக வெட்டி, குழாய்க்குள் உட்குழாய் செருகி, ஜிக்கில் (சேஸிஸை அசையாமல் பிடித்துவைக்கும் சட்டத்தில்) வைத்து நேர்பார்த்து வெல்ட் செய்யக் கூடிய பட்டறைக்குப் போங்கள். செலவு கூடுதலாகத்தான் இருக்கும்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): ஷாக்கை முன்பக்கமாகச் சாய்த்து வைத்தால் பார்க்க அழகாக இருக்கிறது. ஓட்டத்தில் என்ன மாறும்?

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கண்ணுக்கும் கணக்குக்கும் ஒத்துவராது. அச்சுக்கு அருகே செங்குத்தாக நிற்கும் இரண்டு ஷாக்குகளில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் கடினம் உடையது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் உணரப்படும் கடினம் ஏறக்குறைய 40. கீழ்முனையை அதே இடத்தில் விட்டுவிட்டு ஷாக்குகளை 45 பாகை சாய்த்தால், சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஷாக் சுமார் 7 மி.மீ. மட்டுமே அமுங்கும். சக்கரத்தில் கிடைக்கும் கடினம் அந்த விகிதத்தின் வர்க்கப்படி குறைவதால், 40 என்பது 20 ஆகிவிடுகிறது. பின்சக்கரத்தின் மீது 60 கிலோ கூடுதல் சுமை ஏறினால் 15 மி.மீ. இறங்கியிருக்க வேண்டிய வண்டி 30 மி.மீ. இறங்கும். துள்ளலை அடக்கும் எண்ணெயின் பலமும் அதே அளவுக்குக் குறையும். 1970களில் மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) வண்டிகளில் ஷாக்கைச் சாய்த்தும் முன்னுக்கு நகர்த்தியும் வைத்தது சக்கரத்தின் அசைவு தூரத்தைக் கூட்டுவதற்காக. அதற்கு ஈடாகக் கடினமான ஸ்பிரிங்குகளையும் வலுவான டேம்பரையும் (துள்ளலை அடக்கும் எண்ணெய்ப் பகுதி) சேர்த்தே போட்டார்கள். சாய்வை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் வளைவுகளில் வண்டி தள்ளாடும்.

இந்தக் கணக்கை வியாபாரமாகவே ஆக்கியது வெலோசெட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. ஷாக்கின் மேல்முனையை ஒரு வளைந்த துளைவழியில் நகர்த்தி, தனியாக ஓட்டும்போது சாய்த்தும் பின்னால் ஆள் ஏறும்போது நிமிர்த்தியும் வைத்துக்கொள்ள அவர்களுடைய வெனம், வைப்பர் வண்டிகளில் வசதி இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றாமல் கடினத்தை மாற்ற இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை. உங்கள் கஸ்டம் வேலையில் இதைப் பின்பற்றினால் மனமாரப் பாராட்டுவேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): எந்தக் கம்பெனி ஷாக் நல்லது?

ஷாக்கின் கண்ணிலிருந்து கண் வரை (இரு முனைத் துளைகளுக்கு இடையிலான) நீளம், வண்டியின் எடை, உங்கள் எடை ஆகிய மூன்றையும் சொல்லாமல் கம்பெனிப் பெயரைக் கேட்டால் நான் சொல்லும் பதில் யாருக்கும் பயன்படாது. அதற்கு முன் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள்.

கேள்வி (சுங்கை டுவா): அண்ணா, மோனோஷாக்கைக் (பின்சக்கரத்துக்கு ஒற்றை ஷாக்) கண்டுபிடித்தது யமஹாதானே? என் பழைய ஹோண்டா சிபியில் அதைப் பொருத்த நினைக்கிறேன். நண்பர் ஒருவர் பிரிட்டனின் வின்சென்ட் கம்பெனி என்று வாதாடுகிறார்.

உங்கள் நண்பர் பக்கம் ஆதாரம் இருக்கிறது. பிலிப் வின்சென்ட் 1928 முதலே பின்பகுதியை முக்கோண வடிவில் கட்டி, அதன் உச்சியைச் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்குகளோடு இணைத்தார். போருக்குப் பின் வந்த ரேப்பிட் வண்டியிலும் அதே அமைப்புதான். அதே 1928இல் இத்தாலியின் மோட்டோ குட்சியும் எஞ்சினுக்குக் கீழே ஸ்பிரிங்குகளை வைத்து ஒரு வண்டியைத் தயாரித்தது. ஜுசெப்பே குட்சி அதில் நார்வேயின் வடமுனை வரை ஓட்டிச் சென்றார். யமஹா பெற்றது பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸின் வடிவமைப்பை. அந்த அமைப்புடைய வண்டியில் 1973ஆம் ஆண்டின் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை ஹக்கான் ஆண்டர்சன் வென்றார்.

கேட்ட சுங்கை டுவாக்காரரே மீண்டும்: வின்சென்ட்டில் இரண்டு ஸ்பிரிங் பெட்டிகள் இருந்தனவே! "மோனோ" என்றால் ஒன்றுதானே? யமஹாதான் முதல்.

எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் வெல்வீர்கள். ஆனால் பட்டறையில் எண்ணிக்கை முக்கியமல்ல, விசை எந்த வழியாகப் போகிறது என்பதே முக்கியம். யமஹாவின் ஒற்றை நீள ஷாக் டாங்கிக்கு அடியில் ஸ்டியரிங் தலை வரை சென்றது. அதற்கென்றே சேஸிஸ் வடிவமைக்கப்பட்டது. வின்சென்ட்டின் ஸ்பிரிங்குகள் சீட்டின் அடியில், மேல் உத்தரத்தின் பின்முனையில் முடிந்தன. உங்கள் சிபியில் அதற்கு இணையான இடம், சீட்டின் மூக்குக்குக் கீழே குழாய்கள் கூடும் முடிச்சு. அதனால்தான் பழைய சேஸிஸில் வேலை செய்பவர் யமஹாவை அல்ல, வின்சென்ட்டையே பார்த்துக் கற்க வேண்டும் என்கிறேன். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: சக்கரம் 2.5 மடங்கு தூரம் நகர்ந்து ஷாக் ஒரு மடங்கு அமுங்கும்படி அமைத்தால், சக்கரத்தில் விழும் 1,500 நியூட்டன் விசை ஷாக்கின் முனையில் 3,750 நியூட்டனாக நிற்கும். அதைச் சீட்டுக் குழாயில் ஒட்டிவைத்த ஒரு தகடு தாங்காது.

வேறொருவர், ஜெலுத்தோங்கிலிருந்து: அப்படியானால் ஹார்லி சாஃப்ட்டெயில் எந்தப் பக்கம்?

வின்சென்ட் பக்கம், தலைகீழாக. 1984இல் வந்த சாஃப்ட்டெயிலில் முக்கோணப் பின்பகுதி ரிஜிட் போலவே தோன்றும். ஷாக்குகள் கியர்பாக்ஸுக்கு அடியில் படுத்திருக்கும். சக்கரம் ஏறும்போது அவை அமுங்குவதற்குப் பதிலாக நீளும். 2018 மாடல்களில் அதை விட்டுச் சீட்டுக்கு அடியில் ஒற்றை ஷாக்குக்கு மாறினார்கள். ரிஜிட்டின் தோற்றம் வேண்டும், முதுகும் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே நேர்மையான வழி. இத்துடன் இந்த வாதத்தை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (நிபோங் திபால்): ஹோண்டா இஎக்ஸ்5 வண்டியில் அப்சோபருக்குப் பதில் தண்டு போடலாமா?

புக்கிட் மெர்தாஜாம் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (கூலிம்): ஸ்விங் ஆர்ம் புஷ், புஷ் என்கிறீர்களே, அதை எப்படிப் பார்ப்பது?

நல்லவேளை, ஒருவராவது கேட்டீர்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தரையைத் தொடாதபடி செய்யுங்கள். ஷாக்குகளின் கீழ்முனைகளைக் கழற்றிவிடுங்கள். மாட்டியிருந்தால் அவை குறையை மறைத்துவிடும். ஒரு கையால் சேஸிஸைப் பிடித்து, மறுகையால் ஸ்விங் ஆர்மின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளி இழுத்துப் பாருங்கள். விரலில் ஒரு 'டிக்' உணர்ந்தால் புஷ் போய்விட்டது. பிவட்டில் (ஸ்விங் ஆர்ம் சேஸிஸோடு சேரும் கீலில்) இருக்கும் அரை மில்லிமீட்டர் ஆட்டம், ஆர்மின் நீளத்தால் சக்கரத்தில் பல மடங்காகப் பெருகும். பிவட் போல்ட்டின் ஓரத்தில் காப்பிக் கசடு போலச் சிவந்த பசை கசிந்திருந்தால், துருவும் கிரீஸும் கலந்து அரைபட்டிருக்கின்றன என்று பொருள். கடற்காற்றும் மழையும் உள்ள நம் ஊரில் அது மிகவும் சாதாரணம். இதைச் சரிசெய்யாமல் எத்தனை ரிங்கிட் கொடுத்து ஷாக் வாங்கினாலும் அந்தப் பணம் தண்டம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): 25 மி.மீ. நீளமான ஷாக் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்குமா?

இருக்கும். அச்சுக்கு அருகே செங்குத்தாக நிற்கும் ஷாக் என்றால், சக்கரங்களுக்கு இடையே 1,400 மி.மீ. உள்ள வண்டியில் அந்த உயரம் முன் ஃபோர்க்கை ஏறக்குறைய 1 பாகை நிமிர்த்தும். ஸ்டியரிங் இலகுவாகும், வேகத்தில் நிலைப்பு குறையும். செயின் ஸ்விங் ஆர்மை உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (பெராய்): சேஸிஸை வெட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதிக்குமா?

வெட்டுவதற்கு முன் ஜேபிஜே அலுவலகத்திலேயே கேளுங்கள். சேஸிஸ் எண் பொறித்த பகுதியை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

கேள்வி (தஞ்சோங் தோக்கோங்): டிரையம்ப் தண்டர்பேர்ட் ஒன்றில் பின்சக்கர மையத்துக்குள்ளேயே ஸ்பிரிங் இருக்கிறதாம். திறந்து பார்க்கலாமா?

திறக்காதீர்கள். எட்வர்ட் டர்னர் வடிவமைத்த ஸ்பிரங் ஹப் அது. உள்ளே ஸ்பிரிங்குகள் பெரும் இறுக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கான கருவி இல்லாமல் உறையைப் பிரித்தால் அவை பாய்ந்து கையையோ முகத்தையோ சிதைத்துவிடும். சக்கரத்தைக் கழற்றி, அந்தக் கருவியும் பழக்கமும் உள்ளவரிடம் முழுதாகக் கொடுங்கள்.

கேள்வி (சிம்பாங் அம்பாட்): ஐயா, ஆர்எக்ஸ்இசட்டில் தண்டு...

முடியாது.