எகிப்துப் பொருள் எந்த வழியாக வெளியே போனது? கேள்வி பதில்

கேள்வி: லண்டன், பெர்லின் மியூசியங்களில் இருப்பதெல்லாம் திருட்டுச் சொத்துதானே ஐயா?

பதில்: எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வியிலேயே முடிச்சு அவிழ்ந்துவிடும். போரில் பறித்தது, அகழாய்வில் பங்கு பிரித்தது, கடையில் வாங்கியது, கடத்தியது எனப் பல வழிகள். பழைய எகிப்து எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல் போரில் போனது. 1799-ல் பிரெஞ்சுப் படை எடுத்தது, 1801-ல் அலெக்சாந்திரியா உடன்படிக்கையின் 16-ஆம் விதிப்படி ஆங்கிலேயர் வசம் வந்தது. ‘1801-ல் பிரிட்டிஷ் படை எகிப்தில் கைப்பற்றியது’ என்று கல்லின் பக்கவாட்டிலேயே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்! அன்று எகிப்தை ஆண்ட துருக்கியின் தளபதியும் கையெழுத்திட்டாரே என்பது கல்லை வைத்திருக்கும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் பதில். எகிப்து மக்களை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: பெர்லினில் இருக்கும் எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் சிலை பங்கு பிரித்ததில் போனதுதானே? அப்புறம் என்ன சண்டை?

பதில்: சண்டையே பிரித்த விதத்தில்தான். தோண்டச் செலவழித்தவருக்கும் எகிப்து அரசுக்கும் பாதிப் பாதி என்பது அந்நாள் முறை. அரசின் தொல்பொருள் துறையிலோ 1858 முதல் 1952 வரை தலைமை நாற்காலி பிரெஞ்சுக்காரர்களுக்கே. பங்கு கேட்டவரும் ஐரோப்பியர், கொடுத்தவரும் ஐரோப்பியர்.

எகிப்தின் அமர்னா என்ற இடத்தில் 1912 டிசம்பர் 6-ல் ஜெர்மானிய ஆய்வாளர் போர்ஷார்ட்டின் குழு சிலையை எடுத்தது. 1913 ஜனவரி 20-ல் துறை சார்பில் லெஃபெவ்ர் வந்து பிரித்தார். அரச குடும்பத்தின் உருவம் செதுக்கிய வண்ணக் கல் பலகை கெய்ரோவுக்கு, சிலை ஜெர்மனிக்கு. சுண்ணாம்புக் கல்லில் செதுக்கி மேலே சாந்து பூசிய சிலையை, வெறும் சாந்துச் சிலை என்று பட்டியலில் காட்டினார்கள் என்பதே குற்றச்சாட்டு. ஜெர்மனித் தரப்பு இதை மறுக்கிறது. 1924-ல் பெர்லினில் மக்கள் பார்வைக்கு வந்த பிறகுதான் கெய்ரோ திருப்பிக் கேட்கத் தொடங்கியது.

கேள்வி: நியூயார்க்கில் முழுக் கோயிலே இருக்கிறதே?

பதில்: அது டெண்டூர் கோயில். அஸ்வான் அணை நீரிலிருந்து தெற்கே நூபியப் பகுதிக் கோயில்களைக் காக்க உதவியதற்கு எகிப்து கொடுத்த பரிசு. அதைத் திருட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மியூசியத்தில் ஒரு பொருள் முன் நிற்கிறேன். வந்த வழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் குறிப்பு அட்டையின் பதிவு எண்ணைப் பாருங்கள். பல மியூசியங்களில் அதன் முன்பகுதி சேர்ந்த ஆண்டு. டெண்டூரின் எண் 68.154, அதாவது 1968. பிறகு, தோண்டிய இடத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பங்கு. வெறும் ‘தனியார் சேகரிப்பு’ என்றால் பெரும்பாலும் வியாபாரி கைமாற்றியது. 1983-ன் 117-ஆம் எண் சட்டம் வரும்வரை எகிப்தில் உரிமம் பெற்ற கடைகள் இருந்தன, கெய்ரோ மியூசியத்துக்குள்ளேயே விற்பனை அறை ஓடிய காலமும் உண்டு. எனவே வாங்கியது என்றாலே கடத்தல் ஆகிவிடாது.

ஏமாறும் இடம் பழைய ஏற்றுமதி உரிமம். நெஜெமான்க் என்ற பூசாரியின் பொன்முலாம் பூசிய சவப்பெட்டியை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-ல் சுமார் 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. கையில் 1971 மே மாத உரிமம். அதிலிருந்த முத்திரையோ ‘எகிப்து அரபுக் குடியரசு’. அந்தப் பெயர் நாட்டுக்கு வந்ததே அதே ஆண்டு செப்டம்பரில்தான்! பெட்டி உண்மையில் 2011 கலவரக் காலத்தில் களவு போனது, 2019-ல் திரும்பியது.

கேள்வி: சட்டப்படி எதை மீட்கலாம்?

பதில்: 1983-க்குப் பின் தோண்டி வெளியே போனது எளிது, அந்தச் சட்டப்படி தொல்பொருள் அரசுச் சொத்து. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கை அதற்கு முன் போனவற்றுக்குப் பொருந்தாது. ஆகவே ரொசெட்டா கல்லுக்கு வழக்கு நிற்காது, அரசியல் அழுத்தம்தான்.

சின்னப் பானைகளை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் உறுத்தல். அடியில் கறுப்பு மையில் கல்லறை எண் எழுதியிருக்கும். ஒரே கல்லறையின் பானையும் மணியும் தோண்டும் செலவுக்குச் சந்தா கட்டிய ஊர்களுக்கெல்லாம் பிரிந்து போயிருக்கின்றன. மை அழிந்தாலோ, களப் பதிவேடு வேறு ஊரில் பூட்டிக் கிடந்தாலோ, பானையைத் திருப்பிக் கொடுத்தாலும் எந்தக் கல்லறைக்கு என்று சொல்ல முடியாது. பதிவேடுகளின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள்.