திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு தொண்டை

அன்புள்ள அம்மா,

'தி கிங் ஃபேமிலி ஷோ' என்ற பழைய அமெரிக்க டிவி நிகழ்ச்சியின் துண்டுகளை யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கிறேன். அக்கா தங்கைகள், மாப்பிள்ளைகள், பிள்ளைகள் என்று ஏறத்தாழ 40 பேர் ஒரே மேடையில் பாடுகிறார்கள். இசை அவர்கள் இரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அலபாமா மாநிலத்தின் செல்மா ஊரில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்கள் அடிவாங்கிய அதே 1965இல் இவர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது உறுத்துகிறது. என் மகளும் மகனும் நன்றாகப் பாடுவார்கள், நானும் பாடுவேன். மனைவிக்குப் பாட்டு வராது, அவள் கேமராவைப் பார்த்துக்கொள்வாள். நாங்களும் குடும்பமாக ஒரு சேனல் தொடங்கலாமா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

செல்மாவைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. இந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பிய அதே ஏபிசி தொலைக்காட்சிதான் மார்ச் 7ஆம் தேதி இரவு, நாஜிகள் மீதான விசாரணையைப் பற்றிய படத்தைப் பாதியில் நிறுத்தி, செல்மா பாலத்தில் போலீசார் அடித்த காட்சியைக் காட்டியது. உங்களுக்கு உறுத்துவது நல்லதுதான். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

என்னை எழுத வைத்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள். 'இரத்தத்திலேயே இருக்கிறது' என்பது ஒன்று. 'அவள் கேமராவைப் பார்த்துக்கொள்வாள்' என்பது இன்னொன்று. இந்த இரண்டும் ஒரே மனதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் இரத்தம். அந்தப் பெண்களின் அப்பா வில்லியம் கிங் டிரிக்ஸ் இசை சொல்லிக்கொடுத்தவர், மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடிப் பிழைத்தவர். அவருடைய பெயரின் நடுத்துண்டைத்தான் மகள்கள் மேடைப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1930களில் ஹோரஸ் ஹைட் இசைக்குழுவில் பாடினார்கள். பிறகு, அந்தச் சகோதரிகளில் ஒருத்தியான லூயீஸின் கணவர், கிட்டார் கலைஞர் ஆல்வினோ ரே தனிக்குழு தொடங்கியபோது அதில் சேர்ந்தார்கள். 1964இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் மொத்தக் குடும்பமும் ஒரு கச்சேரி செய்தது. அதைத் தொடர்ந்து 'ஹாலிவுட் பேலஸ்' நிகழ்ச்சியில் தோன்றினார்கள். கடிதங்கள் குவிந்தன. 1965 ஜனவரியில் ஏபிசி வாராந்தர நிகழ்ச்சியே கொடுத்தது. நீங்கள் பார்த்து மயங்கும் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் முப்பது வருடத் தொழில் இருக்கிறது. பிள்ளை பெற்று, பயணப்பெட்டி சுமந்து, ஒத்திகை பார்த்த தொழில். அதைப் போய் இரத்தம் என்று எழுதிவிட்டீர்களே! அந்த மேடையில் நின்ற மாப்பிள்ளைகளில் ஒருவர் ராபர்ட் கிளார்க், சினிமா நடிகர். அவருக்கு எந்த இரத்தம்?

லூயீஸின் பேரன்கள்தான் ஆர்கேட் ஃபயர் என்ற ராக் குழுவில் வாசித்துப் புகழ்பெற்ற வின் பட்லரும் வில் பட்லரும் என்று நீங்கள் பதில் எழுதக்கூடும். உண்மைதான். அவர்களுடைய அம்மா லைசா ஹார்ப் வாசிப்பவர். அந்தப் பையன்கள் வளர்ந்த வீட்டில் வாத்தியம் இருந்தது, அதை வாசிக்கத் தெரிந்த அம்மாவும் இருந்தார். அதைத்தான் நான் சொல்கிறேன்.

கிங் சகோதரிகளின் பாட்டைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டி ஒருமுறை கேளுங்கள். ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூன்று குரலில் பாடியவர்கள். கிங் சகோதரிகள் நான்கு. நான்காவது குரல் வந்தவுடன் ஜாஸ் கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, சாக்ஸபோன் வரிசை வாசிப்பதுபோல, வாயாலேயே கட்டிவிடலாம். ஆனால் மெட்டு ஒருத்தியிடம்தான் இருக்கும். மற்ற மூவருக்கும் கிடைப்பவை தனியாகப் பாடினால் பாட்டாகவே தோன்றாத சுரங்கள், பல நேரம் பக்கத்துக் குரலோடு உரசிக்கொண்டு நிற்கும் சுரங்கள். நடுவில் பாடுபவள் 'ஆ'வைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தால்கூட மொத்தமும் கலங்கிவிடும். ஒரே வீட்டில், ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உயிரெழுத்துகள் ஒன்றுபோல விழும். அது பெரிய உதவி. மீதி எல்லாம் அடுத்தவள் குரலுக்குள் தன் குரலை அடக்கிப் பழகிய பழக்கம். கேட்பவருக்கு நடுக்குரல் தனியாகக் கேட்கவே கூடாது. கேட்டால் அவள் தவறிவிட்டாள் என்று பொருள்.

லூயீஸ் இதைவிடவும் மறைவாக ஒரு வேலை செய்தாள். 1939 வாக்கில் ஆல்வினோ ரேயின் ஸ்டீல் கிட்டார் மேடையில் 'பேசியது'. சொற்களைச் சொல்லிப் பாடும் கிட்டார்! கூட்டம் வாய்பிளந்தது. விமானிகளுக்காகச் செய்யப்பட்ட தொண்டை மைக் ஒன்றை லூயீஸ் கழுத்தில் கட்டிக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பாள். கிட்டாரின் ஒலி அந்த மைக் வழியாகப் போகும். அவள் சத்தமில்லாமல் வாயசைத்துச் சொற்களை வடிவமைப்பாள். முன்னால் கணவர் வாசிக்க, கைத்தட்டல் கிட்டாருக்கு. பின்னாளில் ராக் இசைக்காரர்கள் பயன்படுத்திய 'டாக் பாக்ஸ்' கருவிக்கு இதுவே முன்னோடி என்று எழுதுகிறார்கள். எழுதும்போது ஆல்வினோவின் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார்கள். ஆல்வினோ நல்ல கலைஞர், அவரைக் குறை சொல்லவில்லை. கிட்டார் பேசிய அத்தனை சொற்களும் அவள் வாயில் உருவானவை என்பதைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்லவே கூடாது என்கிறேன்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை பஜனை உண்டு. அப்பா பாடுவார். அம்மா தூணோரம் உட்கார்ந்து சுருதிப்பெட்டியின் துருத்தியை அழுத்திக்கொண்டிருப்பாள். அப்பா மேலே போகையில் சுருதி இறங்கினால் அம்மா அந்தப் பெட்டியைச் சற்று அழுத்தி ஒலிக்கச் செய்வாள். அவரும் சரியான இடத்துக்கு வந்துவிடுவார். 'அவளுக்குப் பாட்டெல்லாம் வராது' என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார், பாசத்தோடுதான் சொல்வார். அப்பா போன பிறகு ஒருநாள் சமையலறையில் அம்மா பாடுவதைக் கேட்டேன். அவர் பாடிய அத்தனையும், அவர் விழுங்கிய வரிகள்கூட, அவளுக்குப் பாடம். அவ்வளவு காலம் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

ஆர்., கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் மீது இருக்கும் ஆசை எனக்குத் தெரிகிறது. அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. சேனல் தொடங்குங்கள். பார்வைகள் எத்தனை, விளம்பரம் வருமா என்பதெல்லாம் என் துறை இல்லை. பிள்ளைகளைத் தினமும் கேமரா முன் நிறுத்தாதீர்கள், பாட்டுக் கசந்துவிடும்.

உங்கள் மனைவிக்குப் பாட்டு வராது என்று முடிவு செய்தது யார்? அவரா, நீங்களா? பிள்ளைகளின் சுருதி எங்கே தவறுகிறது என்று வீட்டில் யாருக்கு முதலில் தெரிகிறது? தாலாட்டியது யார்? கேமராவை ஒரு ஸ்டாண்டில் வைத்தால் அது நிற்கும். அவர் கேமராதான் தனக்குப் பிடிக்கும் என்றால், எங்கே வெட்டுவது, எந்தப் பாட்டை வெளியிடுவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பெயரைப் போடும்போது அவர் பெயரும் வர வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. அடுத்த கடிதத்தை அவரை எழுதச் சொல்லுங்கள்.