சுவாங்ட்சு விட்டுவிட்ட அழுகை அல்ல, நான் விட்டது

வணக்கம் ஐயா,

மனைவி இறந்த வீட்டில் பழங்காலச் சீனத் தத்துவஞானி சுவாங்ட்சு காலைப் பரப்பி உட்கார்ந்து, சட்டியைத் தட்டிப் பாடிய கதையை எழுதியிருந்தீர்கள். நான் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா போன மாதம் தவறிவிட்டார். இந்தக் கதையை வகுப்பில் சொல்லலாமா? ஆறுதலாக இருக்குமா, கல்நெஞ்சாகத் தோன்றுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சொல்வதானால் முழுசாகச் சொல்லுங்கள். துக்கம் கேட்க வந்த நண்பர் ஹுய்ட்சு, "அழாதது போதாதென்று பாட்டு வேறா?" என்று கடிந்துகொள்கிறார். சுவாங்ட்சுவின் பதிலில் எல்லோரும் எடுத்துச் சொல்வது பின்பாதியைத்தான்: வாழ்வும் சாவும் பருவங்கள் மாறுவதுபோல. ஆனால் பதிலின் தொடக்கமே வேறு. அவள் இறந்தபோது எனக்கு மட்டும் துக்கம் இல்லாமல் இருந்திருக்குமா என்றுதான் ஆரம்பிக்கிறார். என் கட்டுரையில் அதை விட்டுவிட்டேன், தப்புதான்.

சீனர்களே இந்தக் கதைக்கு அப்படியே தலையாட்டிவிடவில்லை. கி.பி. 353இல் லான்டிங் என்ற இடத்தில் நண்பர்களோடு ஓடையோரம் மது அருந்திய எழுத்தோவியக் கலைஞர் வாங் ஷிட்சி, அன்றைய கவிதைகளுக்கு எழுதிய முன்னுரையில், வாழ்வும் சாவும் ஒன்றே என்பது வெற்றுப்பேச்சு என்று போட்டு உடைக்கிறார். கன்ஃபூசியஸும் சீடன் யான் ஹுய் இறந்தபோது, கூட இருந்தவர்களே 'அளவு மீறுகிறது' என்று சொல்லும்படி அழுதவர்.

நானாக இருந்தால் சோங் காலத்துச் சீனக் கவிஞர் சு ஷியில் தொடங்குவேன். மனைவி இறந்து பத்தாண்டு கழித்து, 1075இல் எழுதிய கவிதை. கனவில் ஊருக்குப் போகிறார். அவள் சன்னலோரம் தலை சீவிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் பேச்சு வரவில்லை, கண்ணீர்தான். நேரில் கண்டாலும் உனக்கு என்னை அடையாளம் தெரியாது, முகமெல்லாம் புழுதி, காதோரம் நரை என்கிறார். போனவளுக்கு வயதாகவில்லை, இவருக்கு ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்புறம் மிங் அரசர்கள் காலத்துக் கட்டுரையாளர் குய் யூகுவாங். தன் சின்ன வாசிப்பறையைப் பற்றிய கட்டுரையை இப்படி முடிக்கிறார்: முற்றத்தில் ஒரு லோகாட் பழமரம், மனைவி இறந்த ஆண்டு கையால் நட்டது, இப்போது குடைபோல் விரிந்து நிற்கிறது. அவ்வளவுதான். நட்டது அவளா இவரா? மூல வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம். வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அந்தப் பெண்ணை மட்டும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள்.