விழுங்கப்படாத ஏழு விண்மீன்கள்

அன்புள்ள ஐயா,

அரூர் அருகே அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். நடுத்தர அளவுள்ள கருந்துளைகள் எப்படி உருவாகின்றன என்று ஒரு மாணவி கேட்டாள். சிறிய கருந்துளை அருகிலுள்ள அனைத்தையும் உறிஞ்சிப் பெரிதாகும்போது இடையில் வரும் நிலைதான் அது என்றேன். சரிதானா? இந்த ஆராய்ச்சியால் மக்களுக்கு என்ன பயன் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு வாசகர், அரூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயன் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். அந்தக் குழந்தை அதைக் கேட்கவில்லை. அவளிடம் இவ்வளவு சொல்லுங்கள்: நம் சூரியனின் நிறையை ஒரு ‘சூரிய நிறை’ என்று கொண்டால், ஏறத்தாழ 100 முதல் 1 லட்சம் சூரிய நிறை வரை உள்ளவை இடைநிறைக் கருந்துளைகள். நெருக்கமான விண்மீன் கொத்துகளில் விண்மீன்கள் மோதிப் பருத்துச் சரிவதாலோ, சிறு கருந்துளைகள் அடுத்தடுத்து இணைவதாலோ அவை பிறக்கலாம். 2019 மே 21 அன்று வெளியில் பரவும் ஈர்ப்பு அதிர்வை உணரும் லைகோ, விர்கோ கருவிகளில் பதிவான ஈர்ப்பு அலை, ஏறத்தாழ 85, 66 சூரிய நிறைகொண்ட இரு கருந்துளைகள் இணைந்து 142 ஆனதைக் காட்டியது; குறைந்த நிறை அந்த அலையின் ஆற்றலாக வெளியேறியது.

ஆனால் ‘உறிஞ்சி’ என்று சொன்னீர்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நாளை நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை ஒன்று வந்து நின்றால் பூமி குளிர்ந்து உறையும். ஆனால் அதன் சுற்றுப்பாதை மாறாது. மிக அருகே செல்வது மட்டுமே விழுங்கப்படும். பாடம் நடத்தும் நீங்களே அதை எல்லாவற்றையும் வாரி விழுங்கும் பூதமாக்கலாமா?

என் தந்தை போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக் காவலுக்குச் செல்வார். மே மாத விடுமுறையில் நானும் அவருடன் பரணில் படுத்திருப்பேன். நிலவில்லாத இரவுகளில், பத்து மணியளவில், தெற்கே ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் மங்கலாக ஒன்று தெரியும். அதைத் ‘துடைக்காமல் விட்ட மீன்’ என்பார் அவர். அது ஒமேகா சென்டாரி என்பதும், ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்களின் கொத்து என்பதும், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அடிவானுக்கு மேலேயே வராத அது நம் ஊரில் வெறும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குத் தெரிந்தன.

அந்தக் கொத்தின் நடுப்பகுதியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹபிள் தொலைநோக்கி எடுத்த படங்களை ஒப்பிட்டு, அங்கே ஏழு விண்மீன்கள் மிக விரைவாக நகர்வதை 2024-இல் அறிவித்தார்கள். கொத்தின் ஈர்ப்பை மீறிப் பறந்து போய்விடக்கூடிய வேகம் அது. ஆயினும் அவை அங்கேயே இருக்கின்றன என்றால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று, குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள ஒன்று, அவற்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கவனியுங்கள் ஐயா, அந்த ஏழும் விழுங்கப்படவில்லை. விழுங்கப்படாமல் சுற்றுவதால்தான் நடுவில் இருப்பதை நாம் அறிந்தோம். ஒமேகா சென்டாரி, பால்வெளி முன்னொரு காலத்தில் தன்னுள் சேர்த்துக்கொண்ட சிறு விண்மீன் மண்டலத்தின் கருவாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் அதன் கருந்துளை மேலும் வளர வழியின்றி இடையிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பரண் இப்போது இல்லை. தோப்பின் தென்புறம் மட்டும் மறைப்பின்றித் திறந்தே இருக்கிறது. மே மாத அமாவாசையை ஒட்டி அந்த மாணவியையும் மற்றவர்களையும் பெற்றோருடன் அழைத்து வாருங்கள், நான் காத்திருப்பேன்.