2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு ஊழல் வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலையான பிறகு, இனி எதிர்பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் குறைவு. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. 2018 மார்ச்சில் சிபிஐ தாக்கல் செய்த மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்கவே டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு 2024 மார்ச் ஆகிவிட்டது.

‘ஊழலே இல்லையென்றால் 2012-ல் உச்ச நீதிமன்றம் ஏன் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது?’ என்பது நியாயமான கேள்வி. அங்கே பார்த்தது உரிமம் கொடுத்த முறையை. குற்ற வழக்கிலோ, இன்னார் இன்னதற்காகப் பணம் பெற்றார் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) சொன்ன 1.76 லட்சம் கோடி ரூபாய் என்பது உத்தேச வருவாய் இழப்பு. அது லஞ்சத் தொகை அல்ல. இந்தக் குழப்பம்தான் பலரின் ஏமாற்றத்துக்கு வேர்.

வழக்கு சறுக்கிய இடம் சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தாக்கல் செய்த தாள்களுக்கு அரசு வழக்கறிஞரோ விசாரணை அதிகாரியோ பொறுப்பேற்கத் தயாராக இல்லை என்று நீதிபதி ஓ.பி. சைனி வருந்தினார். ஏழு ஆண்டுகள், கோடை விடுமுறையிலும்கூட, காலை 10 முதல் மாலை 5 வரை காத்திருந்தும் சட்டம் ஏற்கும் ஆதாரத்தோடு ஒருவரும் வரவில்லை என்றும் எழுதினார். வேதனையான வரிகள் இவை.

உயர் நீதிமன்றம் சாட்சியங்களை மறுபடி எடைபோடலாம். ஆனால் அதே சாட்சியத்துக்கு இரண்டு விதமாகப் பொருள்கொள்ள முடிந்தால், விடுதலைதான் நிற்கும்.