பசை காயும் வரை: மாடல் விமானக் கேள்வி பதில்

சென்ற இதழில் 1/32, 1/24 அளவு மாடல் விமானங்களைப் பற்றி, அதாவது உண்மை விமானத்தை 32-இல் ஒரு பங்காக, 24-இல் ஒரு பங்காகச் சுருக்கியவற்றைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. படம் அனுப்பியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளக்கை நேர் எதிரே வைத்து எடுத்த படத்தில் எல்லா விமானமும் அழகாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுத்து அனுப்புங்கள். அப்போதுதான் என்னால் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

கேள்வி: அக்கா, 1/72 அளவில் சில விமானங்கள் கட்டியிருக்கிறேன். நேராக 1/32-க்குப் போகலாமா? கஷ்டமாக இருக்குமா? (கல்லூரி மாணவர்)

பதில்: தாராளமாகப் போகலாம். கைக்கு எளிதாகவே இருக்கும். 1/72-இல் இடுக்கியால் பிடித்தாலே பறந்துபோகும் கட்டுப்பாட்டுக் கோலை இதில் விரலால் எடுத்து ஒட்டலாம். சோதனை பொறுமைக்குத்தான். நீளம் இரண்டே கால் மடங்கு கூடுகிறது என்றால் பரப்பு ஐந்து மடங்கு கூடுகிறது. தேய்க்க வேண்டிய இடம் ஐந்து மடங்கு, அடிக்க வேண்டிய வண்ணமும் ஐந்து மடங்கு.

வாங்குவதற்கு முன்பு இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள அகலத்தைக் கணக்குப் போடுங்கள். இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர் 1/72-இல் பதினைந்தரை சென்டிமீட்டர், 1/32-இல் 35, 1/24-இல் 47. இரட்டை எஞ்சின் மஸ்கிட்டோ 1/24-இல் 69 சென்டிமீட்டர். பி-17 குண்டுவீச்சு விமானத்தை 1/32-இல் கட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர். செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டி, வைக்கப்போகும் அலமாரியில் பொருந்துகிறதா என்று பாருங்கள். வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். பிற்பாடு வரும் சண்டை மிச்சம்.

முதல் விமானம் ஒற்றை எஞ்சின் போர் விமானமாக, இரண்டு மூன்று நிற உருமறைப்பு வண்ணம் கொண்டதாக இருக்கட்டும். டமியா நிறுவனத்தின் ஜீரோ (ஜப்பானியப் போர் விமானம்), ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் பாகங்கள் சொன்ன இடத்தில் சொன்னபடி உட்காரும். இரட்டை அடுக்கு இறக்கை வேண்டாம். அதன் கம்பிகளை இழுத்துக் கட்டுவது தனி வித்தை. பளபளக்கும் வெறும் உலோக நிறமும் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: 1/32 மஸ்டாங்கின் (அமெரிக்கப் போர் விமானம்) உடற்பகுதி இணைப்பில் பட்டி (இடுக்கை அடைக்கும் பசை) வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். வெள்ளி நிறம் அடித்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் முதுகு நெடுக அதே கோடு மெல்லிசாகத் தெரிகிறது. என்ன தவறு? (பணி ஓய்வு பெற்ற பொறியாளர்)

பதில்: பட்டி சுருங்கியிருக்கிறது ஐயா. குழாயில் வரும் பட்டியில் கரைப்பான் உண்டு. அது அடியில் உள்ள பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் இளக்கிவிட்டு மெதுவாக வெளியேறும். மேல் தோல் காய்ந்ததும் நீங்கள் தேய்த்துவிட்டீர்கள். உள்ளே அது பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தது. பச்சையும் பழுப்புமாக அடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வெள்ளி நிறம் எதையும் மன்னிக்காது.

என் வழி வேறு. இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் போல் ஓடும் மெல்லிய பசையை இணைப்பில் தொட்டு வைக்கிறேன். டமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற பசை இடுக்கில் தானாகவே ஏறிக்கொள்ளும். சில நொடி பொறுத்து, இரு பாதிகளையும் அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் இணைப்பு நெடுகச் சிறு வரப்பாகப் பிதுங்கி வரும். அதைத் துடைக்கக் கூடாது. அதுதான் பட்டி, அதே பிளாஸ்டிக் என்பதால் வேற்று நிறம் கிடையாது, ஓரத்தில் பிரிந்தும் வராது. ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு கத்தியின் முதுகால் சுரண்டி, 400, 600, 1000 என்று எண் கூடக் கூட நைசாகும் உப்புத்தாளை மாற்றி மாற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். தாளுக்குப் பின்னால் மெத்தென்ற ஸ்பாஞ்சுத் துண்டு இருக்கட்டும். கட்டையைச் சுற்றித் தேய்த்தால் உருண்டையான முதுகு தட்டையாகிவிடும். 1/32-இல் அது தூரத்திலிருந்தே தெரியும்.

இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில் சயனோ பசை (சூப்பர் குளூ வகை) வைக்கலாம். அது சுருங்காது. ஆனால் வைத்த அன்றே தேய்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும்; உப்புத்தாள் அதை விட்டுவிட்டு இரு பக்கமும் உள்ள பிளாஸ்டிக்கைத்தான் தின்னும். கடைசியில் கறுப்புப் பளபளப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, விளக்கை ஓரத்தில் பிடித்துப் பாருங்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பியது நகத்துக்குத் தப்பாது.

உங்கள் மஸ்டாங்கைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தக் கோட்டில் மட்டும் வண்ணத்தை 1000 தாளால் இறக்கி, சயனோவை ஊசி முனையால் வைத்துத் தேய்த்து, அழிந்துபோன தகட்டுக் கோடுகளை (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) திரும்பக் கீறிவிடுங்கள். பிறகு அந்தத் தகட்டின் எல்லை வரை மறைப்பு நாடா ஒட்டி, அந்த ஒரு தகட்டுக்கு மட்டும் வெள்ளி அடியுங்கள். நிறம் இம்மி மாறினாலும் கவலை இல்லை. உண்மை விமானத்திலும் பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஒரே பளபளப்பில் இருப்பதில்லை.

கேள்வி: 13 வயது மகன் ஏர்பிரஷ் (காற்றால் வண்ணம் பீச்சும் கருவி) கேட்கிறான். அக்ரிலிக் வண்ணம்தான், ஆபத்தில்லை என்கிறான். நம்பலாமா? (ஒரு தாய்)

பதில்: பாதி நம்பலாம். அக்ரிலிக் என்று போட்டிருப்பதெல்லாம் தண்ணீர் வண்ணம் அல்ல. வயேஹோ நிறுவனத்தின் அக்ரிலிக் தண்ணீரில் கரைவது. டமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருக்கிறது. மிஸ்டர் கலர் போன்ற லாக்கர் வகை வண்ணங்களின் நெடி அடுத்த அறைக்குப் போகும், அவை பெரியவர்களுக்கு. தண்ணீர் வண்ணமே ஆனாலும் ஏர்பிரஷ் அதை மூச்சில் கலக்கும் பொடி மூட்டமாக மாற்றிவிடுகிறது. நுரையீரலுக்கு வண்ணத்தின் பெயரெல்லாம் தெரியாது.

ஆகவே, காற்றை வெளியே தள்ளும் விசிறி வேண்டும். கரிம ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். சாதாரணத் துணி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அடிக்கும் அறையில் தீயோ தீப்பொறியோ இருக்கக் கூடாது. ரெசின் (வார்ப்புப் பிசின்) பாகங்களை ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும், அதன் தூள் மோசமானது. இந்த ஏற்பாடெல்லாம் ஆகும்வரை தூரிகையால் அடிக்கட்டும். நல்ல தட்டைத் தூரிகையும் மெல்லிய பூச்சுகளும் போதும், 1/32-இலும் கௌரவமாகவே வரும். கறாராகச் சொல்கிறேன் என்று அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஏர்பிரஷ்ஷில் அடித்தால் ஒரு நாள் மணல் போல் சொரசொரப்பு, ஒரு நாள் சிலந்திக்கால் போல வண்ணம் சிதறுகிறது. பால் பதத்தில்தான் கலக்குகிறேன்.

பதில்: எந்தப் பால் என்று யாரும் சொல்வதில்லை, அதுதான் அந்த உபதேசத்தின் கோளாறு. கோப்பையின் பக்கச் சுவரில் கலவையை ஒரு முறை ஏற்றிவிட்டுப் பாருங்கள். தாரை சீராக இறங்கி, பின்னால் கண்ணாடி போன்ற மெல்லிய நிறப் படலத்தை விட வேண்டும். படலம் இல்லாமல் வழிந்து ஓடினால் நீர்த்துவிட்டது. நகராமல் ஒட்டி நின்றால் கெட்டி.

சொரசொரப்பு, வண்ணம் பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே காற்றில் காய்வதால் வருகிறது: தூரம் அதிகம், அழுத்தம் அதிகம், அல்லது தின்னர் குறைவு. சிலந்திக்கால் இதற்கு நேர் எதிர்: கலவை நீர்த்து, மிக அருகில் வைத்து, ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். 0.3 மில்லிமீட்டர் ஊசிக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தொடங்கிப் பழைய பிளாஸ்டிக் கரண்டியில் பாருங்கள். பெரிய இறக்கை என்பதால் ஒரே மூச்சில் மூடிவிடும் ஆசை வரும். கூடாது. அடியில் உள்ளது தெரியும்படி மெல்லிய பூச்சுகளாக ஏற்றினால்தான் நிறத்தில் ஆழம் வரும்.

கேள்வி: 1/32 மஸ்டாங் இறக்கையில் ஒவ்வொரு ரிவெட்டிலும் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) கறுப்புக் கரைசல் விட்டு எடுத்துக்காட்டியிருந்தேன். கண்காட்சியில் ஒருவர் "இது தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொறாமையா?

பதில்: பொறாமை இல்லை, அவர் விஷயம் தெரிந்தவர். நின்று விளக்கியிருக்கலாம், அது வேறு. மஸ்டாங்கின் இறக்கை, காற்று அதன் மேல் கலையாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. அதற்காகத் தொழிற்சாலையிலேயே முன்விளிம்பிலிருந்து இறக்கையின் ஏறத்தாழ 40 சதவீதம் வரை ரிவெட்டுகளையும் தகட்டு இடுக்குகளையும் பட்டியால் அடைத்து, தேய்த்து, மேலே வெள்ளி வண்ணம் பூசினார்கள். உடற்பகுதிதான் வெறும் உலோகம். நீங்கள் கறுப்பு விட்ட ரிவெட்டுகளில் பெரும்பங்கு உண்மை விமானத்தில் பட்டிக்கு அடியில் இருந்தவை. கிட் (மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டி) தயாரிப்பாளர்கள் இறக்கையில் ரிவெட் வரிசைகளைப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. அடைப்பது நம் வேலை. துப்பாக்கி, தோட்டா அறைகளின் மூடிகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

இதில் என் கட்சி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய அளவு என்றதும் எல்லாரும் எல்லாவற்றையும் அழுத்தமாகக் காட்டப் பார்க்கிறார்கள். நடக்க வேண்டியது எதிர்ப்பக்கம். 0.3 மில்லிமீட்டர் அகலத்தில் கறுப்புக் கோடு விட்டால், 1/32-இல் அது உண்மை விமானத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பள்ளம். சுண்டு விரல் நுழையும் இடுக்குகளோடு எந்த விமானத்தையும் பறக்க விடமாட்டார்கள். அடிநிறத்தைவிட ஒரு படி கருத்த சாம்பலோ பழுப்போ போதும். கறுப்பை, திறந்து மூடும் கதவுகளுக்கும் அசையும் பரப்புகளின் இடுக்குகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மஸ்டாங்கில் படையெடுப்புக் கோடுகளை மட்டும் பிளேடால் வெட்டியது போல் அடித்திருக்கிறீர்கள். 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன் அந்தக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை அவசர அவசரமாகப் பூசினார்கள், பல இடங்களில் வெறும் தூரிகையால். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம், அதாவது 1/32-இல் 14 மில்லிமீட்டர் சொச்சம். அகலத்தைச் சரியாக அளந்துகொண்டு, ஓரத்தை நாடா ஒட்டாமல் கையாலேயே அடியுங்கள். இங்கே கோணல்தான் அழகு.

கேள்வி: 1943-இல் இங்கிலாந்தில் இருந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9 (ஒன்பதாம் வகை). மேலே பச்சையும் பழுப்பும் அடிக்கலாமா?

பதில்: கூடாது. 1941 ஆகஸ்டிலேயே பகல் போர் விமானங்களுக்குப் பழுப்பை எடுத்துவிட்டு, பச்சையோடு ஓஷன் கிரே, அடியில் மீடியம் சீ கிரே என்ற சாம்பல் நிறங்களுக்கு மாற்றிவிட்டார்கள். மார்க் 9 படைக்கு வந்ததே 1942-இல். பச்சை, பழுப்பு ஆசை இருந்தால் மார்க் 1 கட்டுங்கள்.

கேள்வி: விமானி அறைக்கு உலோகத் தகட்டுப் பாகங்கள், ரெசின் எஞ்சின், தனிச் சக்கரங்கள் எல்லாம் வாங்க வேண்டுமா?

பதில்: இருக்கைப் பட்டைகள் வாங்குங்கள். இந்த அளவில் கண் முதலில் போகும் இடம் அதுதான். எஞ்சின் மூடியை மூடப்போகிறீர்கள் என்றால் ரெசின் எஞ்சின் யாருக்காக? டமியா ஸ்பிட்ஃபயரில் மூடிகள் காந்தத்தில் நிற்கும், கழற்றிக் காட்டலாம். அப்படிப்பட்ட கிட்டில் எஞ்சினுக்குச் செலவிடும் உழைப்பு வீண் போகாது.

கேள்வி: டெக்காலின் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஓரம் வெள்ளை வெள்ளையாக மினுங்குகிறது.

பதில்: மங்கல் பரப்பின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். மேடுபள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டது. முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டெக்கால், கடைசியில் மங்கல் வார்னிஷ். ஒட்டியதைக் காப்பாற்ற, மினுங்கும் இடத்தில் ஊசியால் பல சிறு துளைகள் குத்தி, டெக்கால் இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். சுருங்கும். பயந்து கை வைக்காதீர்கள், தானே படியும்.

கேள்வி: 1/32 மெஸ்ஸர்ஷ்மிட் 262 (ஜெர்மன் ஜெட் போர் விமானம்) கட்டி முடித்து நிறுத்தினேன். மூக்குச் சக்கரம் தரையில் படாமல் வால் மேல் உட்காருகிறது. உள்ளே எடை வைக்க மறந்துவிட்டேன்.

பதில்: மூக்குச் சக்கர விமானங்களில் உடலை ஒட்டும் முன், எல்லாவற்றையும் நாடாவால் பிணைத்து, பின் சக்கரங்கள் வரும் இடத்தில் விரல் வைத்துச் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். எடையைக் கூடியவரை முன்னால் வையுங்கள். முன்னே போகப் போகக் குறைந்த எடையே போதும். கால்கள் வளையாத அளவுக்கு மட்டும்.

இப்போது மூடியாகிவிட்டது. மூக்குச் சக்கர அறையின் பின்சுவரில் துளை போட்டு, சிறு ஈயக் குண்டுகளைச் சயனோவோடு உள்ளே விட இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பலகையில் ஓடுதளம் போல் வண்ணம் அடித்து, முன் சக்கரத்தில் மெல்லிய கம்பி செருகி அதில் இறக்குங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் வாலுக்கு ஒரு முட்டு கொடுங்கள். இல்யூஷின் 62 பயணிகள் விமானத்துக்கு, தரையில் நிற்கும்போது வால் சாயாமல் இருக்க இறக்கிக்கொள்ளும் சிறு சக்கரக் கால் ஒன்று பின்னால் உண்டு. யாராவது கேட்டால் அதைச் சொல்லிச் சமாளியுங்கள். 262-க்கு அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்தவர் வந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.